பதினைந்து சென்ட் சவாரி

1914-ல் கார்ல் எரிக் விக்மேனுக்கு வேலை போனது. ஒன்பது வருடம் முன்பு சுவீடனிலிருந்து கப்பலேறி வந்தவர். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், மினசோட்டா மாநிலத்து ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் துளைபோடும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்குறைப்பில் பெயர் வந்துவிட்டது. சேர்த்து வைத்த காசைப் போட்டு ஹப்மொபைல் கார் விற்கும் ஏஜென்சி எடுத்தார். கார் விற்கவில்லை. ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று, வாங்க ஆளில்லாமல் அப்படியே நின்றது.

விற்காத சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விக்மேன் அதை ஓட்ட ஆரம்பித்தார். ஹிப்பிங்கிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த ஆலிஸ் என்ற குடியிருப்புக்குச் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிப்போனார். ஒரு நடைக்கு ஆளுக்கு 15 சென்ட். உள்ளே ஏழு பேர் என்பது கம்பெனிக் கணக்கு; மட்கார்டிலும் ஃபுட்போர்டிலும் தொற்றிக்கொண்டு போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஃபுட்போர்டு பயணம் நம் ஊர்ச் சொத்து என்று யாராவது பெருமைப்பட்டால் இதை நினைவுபடுத்தலாம்.

பாயும் வேட்டை நாயைப் பக்கவாட்டில் வரைந்துகொண்டு அமெரிக்கா முழுக்க ஓடும் கிரேஹவுண்ட் பஸ், பிறந்தது இந்த இரண்டு மைலில்தான். காசு கொடுத்துப் போகும் அளவுக்கு அந்த இரண்டு மைலில் என்ன இருந்தது என்று கேட்டால், பதில் தரைக்குக் கீழே இருக்கிறது.

சுப்பீரியர் ஏரிக்கு வடமேற்கே நூறு மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் தாழ்ந்த மேட்டுத் தொடருக்கு மெசாபி என்று பெயர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியில் அந்தச் சொல் ஒரு அரக்கனைக் குறிக்கும். 1854-ல் போட்ட ஓர் ஒப்பந்தத்தில் ஏரிக்கரைப் பூமியை அவர்கள் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அரக்கன் எதன் மேல் படுத்திருக்கிறான் என்பது அப்போது விட்டவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது.

இரும்புத்தாது என்றால் கரும்பாறை, சுரங்கம் தோண்டி உடைத்து எடுக்க வேண்டியது என்றுதான் அன்றைய நிபுணர்கள் படித்திருந்தார்கள். பக்கத்து வெர்மிலியன் தொடரில் 1884-லிருந்து அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெசாபியில் இருந்ததோ செம்மண் மாதிரி, கையில் அள்ளினால் உதிரும் பொடி. பல பேர் பார்த்துவிட்டு உதறிவிட்டுப் போனார்கள். உதறாதவர்கள் டுலூத் ஊரைச் சேர்ந்த மெரிட் குடும்பத்தார். அண்ணன் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளுமாக வருஷக்கணக்கில் அந்தக் காட்டைச் சுற்றியவர்கள். 1890 நவம்பர் 16 அன்று அவர்களுடைய ஆட்கள், பின்னால் மவுண்டன் அயர்ன் என்று பெயர்பெற்ற இடத்தில், தாதைத் தொட்டார்கள். நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் இரும்பு. அதுவும் குகை வேண்டாம். மேல்மண்ணை வழித்துப் போட்டால் நீராவி மண்வாரியால் அள்ளி நேரே ரயில் பெட்டியில் கொட்டலாம்.

மெரிட்டுகள் தாங்களே ரயில் பாதை போட்டு 1892 அக்டோபரில் முதல் தாதை அனுப்பினார்கள். கடன் வாங்கிப் போட்ட பாதை. அடுத்த வருஷமே, 1893-ல், அமெரிக்காவைப் பெரும் பணமுடை பிடித்தது. கடன் கொடுத்துக் கைகொடுத்தவர் ஜான் டி. ராக்ஃபெல்லர், 1894-க்குள் சுரங்கமும் ரயிலும் அவர் கைக்குப் போயிருந்தன. மெரிட்டுகள் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 5,25,000 டாலருக்குச் சமாதானமானார்கள். 1901-ல் ராக்ஃபெல்லர் தம் பங்கை ஜே. பி. மார்கன் கட்டிய யு.எஸ். ஸ்டீல் என்ற பூதத்துக்கு விற்றார். நூறு கோடி டாலர் மூலதனத்தைத் தாண்டிய உலகின் முதல் கம்பெனி அது. தாதைக் கண்டுபிடித்தவர்கள் பெயர் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. தாது இருந்தது வேறிடத்தில்.

ஹிப்பிங் ஊரின் பிறப்பும் இந்தப் பரபரப்பில்தான். ஃபிராங்க் ஹிப்பிங் என்பவர் ஜெர்மனியில் பிறந்தவர். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து, விரல்கள் துண்டாகி, பிறகு காட்டில் நடந்து மரங்களை மதிப்பிடும் வேலைக்கு வந்தவர். கடுங்குளிரில் கூடாரத்தில் படுத்திருந்தபோது, தம் எலும்பெல்லாம் துருப்பிடித்ததுபோல் இருக்கிறது, அடியில் இரும்பு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தாராம். ஊருக்கு ஊர் இப்படி ஒரு தலபுராணம் வேண்டியிருக்கிறது. கதை எப்படியோ, இரும்பு இருந்தது. 1893-ல் ஊர் பதிவானது. மனை பிரித்து விற்றார்; தண்ணீருக்கும் விளக்குக்கும் தம் கைக்காசைப் போட்டார். 1897-ல் குடல்வால் நோயில் இறந்துபோனார், ஊர் பெரிதாவதைப் பார்க்காமலே.

அவர் விற்ற மனைகளில்தான் வில்லங்கம். வாங்கியவர்களுக்குக் கிடைத்தது மேல்தரை. கீழே இருப்பதன் உரிமை தனிப்பத்திரம், தனிச்சொந்தக்காரர். வீடு கட்டலாம், கடை வைக்கலாம், தோட்டம் போடலாம். ஆனால் கீழே இருப்பவனுக்குத் தேவைப்படும் நாள் வந்தால் மேலே இருப்பவன் நகர்ந்தாக வேண்டும். அந்த நாள் வராது என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்கியிருப்பார்கள்; பத்திரத்தின் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்! இத்தனைக்கும் சுற்றுவட்டாரத்தில் முன்னுதாரணம் இருந்தது. கிழக்கே ஈவ்லெத் என்ற ஊர், அடியில் தாது இருப்பது தெரிந்ததால், 1900-லேயே நூறு கட்டடத்தோடு மேட்டுக்கு நகர்ந்திருந்தது.

ஹிப்பிங்கைச் சுற்றி ஹல், ரஸ்ட், மஹோனிங் என்று குழி மேல் குழி விழுந்தது. தனித்தனிக் குழிகள் விரிந்து ஒன்றோடொன்று கலந்தன. 1910 வாக்கில் ஊருக்கு மூன்று பக்கமும் பள்ளம். தெருவில் நடந்தால் முடிவில் வேலி, வேலிக்கு அப்பால் வெற்றுவெளி. வெடி போட்டால் அலமாரியில் பாத்திரம் ஆடும். ஆட்கள் நெருங்கி வாழ்ந்த ஊர், இனி விரிய வேண்டுமென்றால் தெற்கே மட்டும்தான் விரியலாம் என்ற நிலை. அந்தத் தெற்கில் இருந்ததுதான் ஆலிஸ். சுரங்கக் கம்பெனிகள் குழியோரம் கட்டிய சின்னக் குடியிருப்புகளுக்கு இங்கே ‘லொகேஷன்’ என்று பெயர்: கிட்ஸ்வில், லீடோனியா, கார்சன் லேக் என்று ஏகப்பட்டவை. வேலை ஓரிடம், படுக்கை ஓரிடம், கடையும் சாராயமும் இன்னோரிடம். நடுவே சேறு, பனி, குழியைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. பத்து மணி நேரம் தாது வெட்டியவன் அந்தப் பாதையில் நடப்பதற்குப் பதில் 15 சென்ட் கொடுப்பான் என்பது, அதே பாதையில் நடந்த ஒரு துளைபோடும் தொழிலாளிக்குத்தான் தோன்றும். கார் விற்கத் தெரியாதவர் என்று விக்மேனைச் சொல்லலாம். சுரங்கக்காரன் காலைத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது.

அந்தக் கால்கள் எங்கெங்கிருந்தோ வந்தவை. பின்லாந்து, ஸ்லொவேனியா, குரோஷியா, இத்தாலி, சுவீடன், இங்கிலாந்தின் கார்ன்வால். ஒரே ஷிப்டில் பல மொழி பேசுகிறவர்கள் வேலை பார்த்தார்கள். ஃபின்காரர்கள் வீட்டுக்கு முன்பே சவுனா கட்டினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஸ்லொவேனியர்கள் கொண்டுவந்த பொட்டீட்சா, அதாவது மாவைக் கண்ணாடித் தாள் மாதிரி மெலிதாக இழுத்து, வால்நட் அரைத்த விழுதைத் தடவி, பாயைப்போல் சுருட்டிச் சுடும் ரொட்டி, இன்றைக்கும் அந்தப் பகுதியில் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் உண்டு. மொழி வேறானால் சங்கம் சேரமாட்டார்கள் என்று கம்பெனிகள் கணக்குப் போட்டிருந்தால் அது தப்பு. 1907-ல் ஒரு வேலைநிறுத்தம், 1916-ல் இன்னொன்று. முதலாவதற்குப் பிறகு ஃபின்காரர்கள் பலர் கறுப்புப் பட்டியலில் ஏறி, சுரங்கத்தில் வேலை கிடைக்காமல், காடு திருத்தி விவசாயம் பார்க்கப் போனார்கள். கூட்டுறவுக் கடைகள் அவர்களால் அங்கே வேர்விட்டன.

விக்மேன் தனியாளாக வெகுநாள் ஓட்டவில்லை. ஆண்டர்சன் என்ற கூட்டாளி சேர்ந்தார். ஊர் அவருக்கு ‘பஸ் ஆண்டி’ என்றே பேர் வைத்துவிட்டது. ஹிப்பிங்கிலிருந்து டுலூத்துக்கு வண்டி விட்டுக்கொண்டிருந்த ரால்ஃப் போகன் என்ற போட்டியாளரோடு மல்லுக்கட்டாமல் 1915-ல் கைகோத்தார்கள். மெசாபா டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி என்று பெயர்ப்பலகை ஏறியது. முதல் வருஷ லாபம் 8,000 டாலர். 1918-ல் வண்டிகள் பதினெட்டு.

அந்தச் சமயத்தில் ஹிப்பிங் உலகத்திலேயே பணக்காரக் கிராமம் என்று பெயர் வாங்கியிருந்தது. 1913-ல் விக்டர் பவர் என்ற வக்கீல் மேயரானார். தாது ஒருமுறை போனால் போனதுதான், திரும்பி முளைக்காது. ரயிலேறிப் போவதற்குள் அதன் மேல் வரி போட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. போட்டார். தெருவெல்லாம் மின்விளக்கு, தளம் போட்ட சாலை, பூங்கா, விலங்குக் காட்சிசாலை. கம்பெனி கோர்ட்டுக்குப் போகும், ஊரும் போகும். என் கண்ணில் இந்தக் கதையின் புத்திசாலி இவர்தான். மெரிட்டுகள் ராக்ஃபெல்லரிடம் தோற்றார்கள். பவர் ராக்ஃபெல்லரின் வாரிசுக் கம்பெனியிடம் தெருவிளக்குக்குப் பணம் வாங்கினார்.

ஆனால் வரி போடலாம், பத்திரத்தை மாற்ற முடியாது. யு.எஸ். ஸ்டீலின் சுரங்கக் கிளையான ஒலிவர் கம்பெனி மனைகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கியது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு முடிவு தெரிந்துவிட்டது. ஊர் நகர வேண்டும். எங்கே? இரண்டு மைல் தெற்கே, ஆலிஸுக்கு.

1919-ல் முதல் கட்டடம் கிளம்பியது. அதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது சுவாரசியம். வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டுவார்கள். நாலு மூலையிலும் ஜாக்கி கொடுத்து, ஒரே சீராக, அங்குலம் அங்குலமாக உயர்த்துவார்கள். ஒரு மூலை முந்தினாலும் சுவர் கிழியும். அடியில் பெரிய உத்தரங்களைச் செருகி, அவற்றின் கீழே உருளை உருளையாக மரக்கட்டைகளைப் போடுவார்கள். முன்னால் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் குதிரைகள், அல்லது டிராக்டர், அல்லது நீராவியில் ஊரும் இழுவை வண்டி. வீடு உருண்டு முன்னே போகப் போக, பின்னால் கழலும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து முன்னால் போட வேண்டும். நம் கோவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கவனம் அதற்கு வேண்டும். தேர் நாலு வீதி சுற்றி நிலைக்கு வந்துவிடும், இந்த வீடுகள் வரவில்லை. பெரிய கட்டடமென்றால் ரம்பம் போட்டு இரண்டாக அறுத்து, தனித்தனியாக இழுத்து, அங்கே போய் ஒட்டவைத்தார்கள். வீடு நகரும்போதே உள்ளே அடுப்பில் சமையல் நடந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

1921-ல் முதல் கட்டம் முடிந்தபோது 185 வீடுகளும் 20 வியாபாரக் கட்டடங்களும் இடம் மாறியிருந்தன. செலவு ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர். இத்தனையிலும் வழியில் விழுந்தது ஒன்றே ஒன்று: செல்லர்ஸ் ஹோட்டல். உருளையிலிருந்து நழுவி, சரிந்து, நடுரோட்டில் ஒரு விறகுக் குவியலாகிவிட்டது. மீதி ஊர் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

எல்லோரும் ஒரே நாளில் போகவில்லை. பழைய ஊரில் 1940-கள், 50-கள் வரை ஆளிருந்தார்கள். இருபது முப்பது வருஷம் ஹிப்பிங் இரண்டு ஊராகக் கிடந்தது: பாதி வடக்கே பள்ளத்தோரம், பாதி தெற்கே ஹோவர்ட் தெருவில். இந்தக் கடைக்கு அங்கே, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இங்கே. ஒரு பஸ்காரனுக்கு இதைவிட நல்ல ஊரைப் பிரம்மாவே படைக்க முடியாது. ஐந்து வருஷம் முன்பே விக்மேன் ஓட்டத் தொடங்கிய அதே வழியில்தான் ஊரும் கிளம்பி வந்தது.

போவதற்கு ஊர் கேட்ட கூலி சாமான்யமில்லை. புது ஊரில் கம்பெனி செலவில் கட்டடங்கள் எழுந்தன. கடைக்காரர்களுக்குக் கடன் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மணிமுடி உயர்நிலைப் பள்ளி. 1920-ல் தொடங்கி 1923-ல் திறந்தார்கள். செலவு நாற்பது லட்சம் டாலரை ஒட்டி. சலவைக்கல் படி, பித்தளைக் கைப்பிடி, நியூயார்க் நாடக அரங்கைப் பார்த்துக் கட்டிய 1,800 இருக்கை அரங்கம், அதில் ஐரோப்பாவிலிருந்து வந்த கண்ணாடிச் சரவிளக்குகள், குழலிசைப் பெட்டி. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை கணக்குப் பரீட்சை எழுதப் போகிற இடம் இது. அந்த மேடையில் 1950-களின் கடைசியில் ராபர்ட் சிம்மர்மேன் என்ற பையன் பியானோவை அடித்துக்கொண்டு கத்திப் பாடினான். 1959-ல் படிப்பை முடித்து ஊரைவிட்டுப் போனான். பெயரை பாப் டிலன் என்று மாற்றிக்கொண்டான். 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினான். இரும்பு ஊர் ஒன்று வேலையிழந்து காலியாவதைப் பற்றி 1964-ல் வந்த அவனுடைய ஆல்பத்தில் ஒரு பாட்டு உண்டு. அவன் நியூயார்க் போய்ச் சேர்ந்தது மட்டும் காரில், சொந்த ஊர் பஸ்ஸில் அல்ல.

பஸ்ஸின் மீதிக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பங்குச் சந்தைக் கதை. விக்மேன் 1922-ல் மெசாபா கம்பெனியை விட்டு வெளியே வந்து ஆர்வில் சீசர் என்பவரோடு சேர்ந்தார். ரயில்வே பணம் உள்ளே வந்தது. கம்பெனி கம்பெனியாக வாங்கிச் சேர்த்து, 1930 வாக்கில் கிரேஹவுண்ட் என்ற பெயர் நிலைத்தது. 1934-ல் வந்த ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ சினிமாவில் காதலே பஸ்ஸுக்குள் நடந்தது. 1961 மே 14 அன்று, பஸ்ஸில் நிறவேற்றுமை கூடாது என்று கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து உட்கார்ந்து போன கிரேஹவுண்ட் வண்டியை அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே ஒரு கும்பல் கொளுத்தியது. விக்மேன் அதைப் பார்க்க இல்லை; 1954-ல் இறந்துவிட்டார். 2021-ல் கம்பெனியை ஜெர்மனியின் ஃபிளிக்ஸ் வாங்கியது.

ஊருக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப்போரில் டாங்கியும் கப்பலும் குடித்த இரும்பில் பெரும்பங்கு மெசாபியுடையது. உச்சத்தில் அமெரிக்கா வெட்டிய தாதில் நாலில் ஒரு பங்கு ஹிப்பிங் குழியிலிருந்து மட்டும் வந்தது. மூன்று மைலுக்கு மேல் நீளம், 535 அடி ஆழம். போர் முடிந்தபோது நல்ல தாது அடிவண்டலுக்கு வந்துவிட்டது. மிஞ்சியது டாக்கோனைட் என்ற கடும்பாறை. நூற்றுக்கு முப்பது பங்குகூட இரும்பு தேறாத, முன்பு குப்பையென்று ஒதுக்கிய கல்.

அதைக் காசாக்க மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஈ. டபிள்யூ. டேவிஸ் என்ற பேராசிரியர் நாற்பது வருஷம் செலவிட்டார். கல்லை மாவாக அரைப்பது, காந்தத்தால் இரும்புத் துகளை மட்டும் இழுப்பது, களிமண் சேர்த்துச் சுழலும் உருளையில் உருட்டுவது, சூளையில் சுடுவது. வெளியே வருவது சுண்டைக்காய் அளவுக்குச் சாம்பல் கலந்த கறுப்பு உருண்டை. கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத கனம். ரயில் பாதை ஓரமெல்லாம் உதிர்ந்து கிடக்கும், மிதித்தால் கால் வழுக்கும். 1955-லிருந்து இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய ஏரிக்கரை ஆலை, அரைத்த கழிவை நாளுக்கு 67,000 டன் வீதம் சுப்பீரியர் ஏரியில் கொட்டியது. அதை நிறுத்த 1980 வரை வழக்கு நடந்தது. 1975 நவம்பர் 10 அன்று அந்த ஏரியில் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலில் இருந்ததும் இந்த உருண்டைகள்தான்.

பத்திரத்தின் பொடி எழுத்து இன்னும் உயிரோடிருக்கிறது. மெசாபியிலேயே வர்ஜீனியா, ஈவ்லெத் என்ற ஊர்களுக்கிடையே 53-ஆம் எண் நெடுஞ்சாலை போட 1960-ல் சுரங்கக்காரர்கள் இடம் விட்டபோது, கேட்கும் நாளில் சாலையை எடுத்துவிட வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 2010-ல், கேட்டார்கள். அரசாங்கம் தன் செலவில் சாலையைத் திருப்பி, நீர் நிறைந்த பழைய குழி ஒன்றின் மேல் இருநூறு அடிக்கு மேல் உயரத்தில் பாலம் கட்டி, 2017-ல் திறந்தது.

இன்றைய ஹிப்பிங்கில் பதினாறாயிரம் பேர் இருக்கிறார்கள். வடக்கே பழைய ஊர் இருந்த இடத்தில் புல்லுக்குள் நடைபாதையும், வீடில்லாத வாசற்படியும், தெருப்பெயர்ப் பலகையும் மிச்சமிருக்கின்றன. குழியைப் பார்க்கவென்று சுற்றுலாக்காரர்களுக்குப் போட்டிருந்த மேடையும் சுரங்கத்துக்கு வேண்டிய இடத்தில் இருந்ததால் அதையும் தள்ளிவைத்தார்கள். போகிற வழியில் பஸ் அருங்காட்சியகம். உள்ளே பளபளவென்று துடைத்த 1914 ஹப்மொபைல் ஒன்று நிற்கிறது. ஏழு சீட்டு. ஃபுட்போர்டு அகலம்தான்.